ஈரம் காய்வதற்குள் ஒரு டிராக்டர்

எங்கள் தொழிலில் வருஷம் முழுக்கப் பெரிய வேலை இருக்காது. முதல் மழை பெய்த அன்றைக்கு மட்டும் ஒரு வருஷத்து வேலையும் ஒரே மணி நேரத்தில் வந்து நிற்கும்.

கோவில்பட்டியில் விவசாயக் கருவிகள் விற்கும் கடை ஒன்றின் மாடியில் எங்கள் அலுவலகம். கீழே கடை எங்கள் முதலாளி அண்ணாச்சியுடையது. மேலே நடப்பதும் அவருடையதுதான். சுற்றுவட்டாரத்து டிராக்டர்காரர்களைச் சேர்த்து, செல்போனிலேயே டிராக்டரை முன்பதிவு செய்யும் செயலி ஒன்றை அவர் நடத்துகிறார். எந்த டிராக்டர் எந்த ஊரில், யாருக்கு, எத்தனையாவது முறை என்ற விவரங்களைக் காத்து வைப்பது என் பொறுப்பு. என்னோடு வேலை பார்ப்பவர் ஜெபா. முப்பது வயது. எதுவும் கண் சிமிட்டும் நேரத்துக்குள் நடந்துவிட வேண்டும் என்று நினைப்பவர்.

கரிசல் மண்ணைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மழை பெய்த மறுநாள் டிராக்டரை இறக்கினால் சக்கரம் புதைந்துவிடும். நான்கைந்து நாள் தாமதித்தால் மேல் மண் காய்ந்து விதை முளைக்காது. நடுவில் இரண்டு மூன்று நாள்தான் விதைப்புக்கு. அந்த நாட்களுக்கான டிராக்டரை எல்லாரும் மழை விட்ட அந்த மணி நேரத்திலேயே கேட்பார்கள். ரயில் டிக்கெட்டுக்கோ பரீட்சை முடிவுக்கோ மென்பொருள் எழுதி, ஊரே ஒன்றாகக் கதவைத் தட்டும்போது வியர்த்து நின்றவர் யாராவது இதைப் படித்தால், நீங்கள் எனக்குச் சொந்தக்காரர்.

ஒரு டிராக்டர், இரண்டு காடு

போன வருஷம் நாங்கள் ஜெபாவின் வழியில் போனோம். அதை எளிதாகச் சொல்லிவிடலாம். டிராக்டர்கள் நிற்கும் கொட்டகை ஒன்று, அதற்கு வெளியே ஒரு கரும்பலகை என்று வைத்துக்கொள்ளுங்கள். பலகையில் "ஐந்து டிராக்டர் காலி" என்று எழுதியிருக்கிறது. வருகிறவர் கொட்டகைக்குள் போய் எண்ண வேண்டாம். பலகையைப் பார்த்தால் போதும். கணினியில் இந்தப் பலகை அதன் உடனடி நினைவகத்தில் இருக்கும். எங்கள் தொழிலில் அதற்குக் கேச் என்று பெயர். அது கேட்ட மாத்திரத்தில் பதில் சொல்லும். ஆனால் பலகையில் எழுதிய பிறகு கொட்டகையிலிருந்து ஒரு டிராக்டர் போய்விட்டால், பலகைக்கு அது உடனே தெரியாது.

புரட்டாசியில் முதல் மழை பெய்தது. செயலி பறந்தது. ஜெபா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டே திரையைப் பார்த்தார். ஆறாம் நாள் ஒரு பெண் மாடிப்படி ஏறி வந்தார். பெயர் ராமலட்சுமி. கடம்பூர்ப் பக்கம். ஆடு வளர்க்கும் குடும்பம். பாதி ஆட்டை விற்று மூன்று ஏக்கர் கரிசல் வாங்கி, முதன்முதலாக உளுந்து விதைக்கக் காத்திருந்தவர். டிராக்டர் உறுதி என்று அவருக்குப் பச்சை டிக் வந்திருக்கிறது. அதே டிராக்டருக்கு, அதே நேரத்துக்கு, இன்னொருவருக்கும் பச்சை டிக் போயிருக்கிறது. இருவரும் ஒரே பழைய பலகையைப் பார்த்திருக்கிறார்கள். டிராக்டர் மற்றவர் காட்டுக்குப் போய்விட்டது; எங்கள் பக்கம் விளைநிலத்தைக் காடு என்போம். இவர் இரண்டு நாள் வரப்பில் நின்றிருக்கிறார். வேறு டிராக்டர் கிடைப்பதற்குள் மண் வெடித்துவிட்டது.

அவர் சத்தம் போடவில்லை. செல்போனை என் மேஜையில் வைத்தார். திரையில் டிக் இன்னும் பச்சையாகவே இருந்தது.

"இந்தப் பச்சைய வச்சிக்கிட்டு நான் என்னத்தம்மா வெதைக்க?" என்றார்.

நூற்றுப் பதினேழு பச்சை

அந்த நிலம் அந்த வருஷம் தரிசாகக் கிடந்தது. அண்ணாச்சி எங்களைக் கூப்பிட்டு, அடுத்த மழைக்கு இது நடந்தால் செயலியை மூடிவிட்டுப் பழையபடி இரண்டு போனும் ஒரு நோட்டுமாக உட்கார்ந்துவிடுவதாகச் சொன்னார். ராமலட்சுமிக்கும் ஆள் அனுப்பி, அடுத்த விதைப்புக்கு அவர் காட்டுக்கு டிராக்டர் போவது தன் பொறுப்பு என்று சொல்லிவிட்டார். ஆனால் அவரை முன்னால் தள்ளி வைக்கக் கூடாது, எல்லாரையும் போல வரிசையில் வந்தே கிடைக்க வேண்டும் என்பதும் அவர் கட்டளைதான். ஆக, எங்கள் பரீட்சைக்கு ஒரே கேள்வி: ஈரம் காய்வதற்குள் ராமலட்சுமியின் மூன்று ஏக்கரில் விதை விழ வேண்டும்.

நான் வேறொரு வழியைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரே விவரத்தை மூன்று ஊர்களில் இருக்கும் மூன்று கணினிகளில் எழுதி வைப்பது. ஒரு பதிவு வந்தால், மூன்றில் இரண்டு கணினிகளாவது "ஆமாம், எழுதிக்கொண்டேன்" என்று சொன்ன பிறகுதான் பச்சை டிக் போகும். இதைப் பரவல் டேட்டாபேஸ் என்போம். கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும். ஊருக்கு ஊர் கேட்டுவிட்டு வர நேரமாகும் அல்லவா?

இரண்டுக்கும் பந்தயம் வைத்தோம். நூறு டிராக்டர், ஆயிரம் பொய் விவசாயிகள். கணினியே உருவாக்கி, ஒரே நேரத்தில் கதவைத் தட்டவிடும் ஆட்கள் அவர்கள். ஜெபாவின் கேச் விசில் அடித்துக்கொண்டு ஓடியது. முடிவில் நூறு டிராக்டருக்கு நூற்றுப் பதினேழு பச்சை டிக். ஜெபா உடனே உட்கார்ந்து, நினைவகத்திலேயே ஒருவர் எடுக்கும்போது மற்றவர் எடுக்க முடியாதபடி பூட்டுப் போட்டார். மறுபடி ஓட்டினோம். சரியாக நூறு. நான் கை தட்டிவிட்டேன்; அது உண்மையாகவே நல்ல வேலை. பிறகு அந்தக் கணினியின் மின்சாரத்தை நிறுத்திப் போட்டோம். நினைவகத்தில் இருப்பதை அவ்வப்போது, மின்சாரம் போனாலும் அழியாத வட்டில் எழுதி வைப்பது வழக்கம்தான். ஆனால் கடைசிச் சில நொடிகளில் பச்சை டிக் வாங்கிய பதினோரு பேர் எழுதப்படாமல் இருந்தார்கள். அவர்களைக் காணவில்லை. ஒவ்வொரு பதிவையும் உடனுக்குடன் வட்டில் எழுதச் சொன்னால், அந்த வேகம் போய்விடும்.

என் மூன்று கணினிகள் அதே ஆயிரம் பேரை ஒரு மூச்சுவிடும் நேரம் கூடுதலாக எடுத்துக்கொண்டு முடித்தன. நூறு பேர். அவற்றில் ஒன்றின் மின்சாரத்தை நிறுத்திப் போட்டபோதும் அதே நூறு பேர்.

அண்ணாச்சி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஜெபா அவரிடம், வேகத்தில் தன் ஆள்தான் ஜெயித்தான் என்றார்.

"பொய்ய வேகமாச் சொல்லுததுக்கு மிஷின் எதுக்குப்பா? அதுக்கு நம்ம ஊர்லயே ஆள் கெடக்காம்லா" என்றார் அண்ணாச்சி.

மும்பையைப் பிடுங்கிய அண்ணாச்சி

உண்மையான கணினிகளைச் சென்னையிலும் மும்பையிலும் ஐதராபாத்திலும் வாடகைக்கு எடுப்பதற்கு முன்னால், அலுவலகத்திலேயே மூன்று பழைய கணினிகளை வைத்து ஒத்திகை பார்த்தோம். ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஊர்ப் பெயரைத் தாளில் எழுதி ஒட்டியிருந்தோம். அண்ணாச்சிக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. போளிப் பொட்டலத்தோடு மேலே வந்தவர், ஒன்று செத்துப்போனாலும் ஓடும் என்றாயே, இப்போது ஓடுகிறதா பார் என்று சொல்லி, மும்பையின் வயரைப் பிடுங்கிவிட்டார்.

ஓடியது. பதிவுகள் தடங்கலின்றி வந்துகொண்டே இருந்தன. ஜெபா ஒவ்வொன்றாக வாய்விட்டு எண்ணினார். நானும் சேர்ந்து எண்ணினேன். அண்ணாச்சி சிரித்துக்கொண்டே ஐதராபாத்தையும் பிடுங்கினார். உடனே எல்லாம் நின்றது. "இப்போது பதிவு செய்ய இயலாது" என்று திரையில் வந்தது.

சென்னைதான் உயிரோடு இருக்கிறதே, அது எழுதிக்கொள்ள வேண்டியதுதானே என்று அவருக்குக் கோபம். நான் பொறுமையாகச் சொன்னேன். சென்னைக்கு மற்ற இரண்டும் செத்துவிட்டனவா, அல்லது நடுவில் வயர் மட்டும் அறுந்ததா என்று தெரியாது. வயர்தான் அறுந்தது என்றால், அந்த இரண்டும் சேர்ந்து இதே டிராக்டரை வேறு யாருக்காவது கொடுத்துக்கொண்டிருக்கலாம். அதனால் தனியாக இருப்பது எதையும் உறுதி சொல்லாது. அண்ணாச்சி வயரைச் சுருட்டி மேஜையில் வைத்தார். அவர் நிலம் வாங்கி விற்றுப் பழகியவர்.

"பத்திர ஆபீஸ்ல ரெண்டு சாட்சி இல்லாமப் பதிய மாட்டாவ. ஒத்த ஆளு எத்தனை சத்தியம் பண்ணுனாலும் எடுபடாது. உன் மிஷினுக்கு அது தெரிஞ்சிருக்கு" என்றார்.

சுற்றிக்கொண்டே இருந்த வட்டம்

அதற்காகக் கேச்சை நாங்கள் தூக்கிப் போடவில்லை. பதிவு செய்கிறவரைவிடச் சும்மா பார்க்கிறவர் பல மடங்கு அதிகம். "பக்கத்தில் எத்தனை டிராக்டர் இருக்கிறது" என்ற கேள்விக்கு ஒரு நிமிடப் பழைய பதில் போதும். அதற்குப் பலகை. "எனக்கு இந்த டிராக்டர் உண்டா" என்ற கேள்விக்கு உண்மை வேண்டும். அதற்கு மூன்று கணினிகள். இந்தப் பாகப்பிரிவினை முடிந்த அன்று நானும் ஜெபாவும் ஒருவருக்கொருவர் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டோம்.

ஆவணியில் ஒரு தூறல் விழுந்தது. மண் நனையக்கூட இல்லை. ஆனாலும் ஊரே செயலியைத் திறந்து பார்த்தது. அந்த நேரம் பார்த்து ஜெபா ஒரு சின்னத் திருத்தம் செய்து கேச்சை நிறுத்தி மறுபடி துவக்கினார். பலகை துடைத்து வைத்தது போல் ஆகிவிட்டது. பலகையில் எதுவும் இல்லையென்றால் என்ன செய்வார்கள்? அத்தனை பேரும் நேராகக் கொட்டகைக்குள் நுழைந்தார்கள். மூன்று கணினிகளும் திணறின. யாருக்கும் பதில் போகவில்லை.

அன்றைக்கே சரி செய்தோம். பலகை காலியாக இருந்தால் ஒரே ஒருவர் உள்ளே போய்ப் பார்த்து எழுத வேண்டும். மற்றவர்கள் வெளியே காத்திருக்க வேண்டும். ஆனால் அதற்குள் பாஞ்சாலங்குறிச்சிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் என்னைப் போனில் பிடித்துவிட்டார். அவர் கோபப்படவில்லை. ரொம்ப மரியாதையாக ஒரே ஒரு விளக்கம்தான் கேட்டார்.

"போன்ல வட்டமா ஒண்ணு சுத்திக்கிட்டே இருக்கும்மா. வண்டி கெளம்பிட்டுன்னு எடுத்துக்கிடவா?"

பெய்தது

புரட்டாசி. மதியம் மூன்று மணிக்கு எட்டயபுரம் திசையில் வானம் கறுத்தது. நானும் ஜெபாவும் சன்னலுக்கும் திரைக்குமாக நடந்துகொண்டிருந்தோம். முதல் துளி விழுந்ததும் ஜெபா பலகையைப் பார்த்தார். பார்க்க வந்தவர் எண்ணிக்கை ஏறத் தொடங்கியிருந்தது. பிறகு சன்னலில் எதுவும் தெரியாத அளவுக்குக் கொட்டியது. எங்கள் தெருவில் மின்சாரம் போயிற்று. மடிக்கணினி, செல்போன் இணைப்பு என்று மாறிக்கொண்டோம். நாங்கள் இருட்டிலிருந்தோம், மூன்று ஊர்களிலும் எங்கள் கணினிகள் விளக்கு எரிய உட்கார்ந்திருந்தன.

மழை விட்டது. அவ்வளவுதான், வந்தார்கள். ஆயிரம் பொய் விவசாயிகளை வைத்துப் பார்த்த ஒத்திகையெல்லாம் பொம்மைக் கல்யாணம் என்று அன்றைக்குத் தெரிந்தது. நடுவில் உண்மையாகவே மும்பை ஒருமுறை பதில் சொல்லாமல் போனது. சென்னையும் ஐதராபாத்தும் சாட்சி சொல்லிக்கொண்டே போயின. மும்பை திரும்பி வந்து, தான் இல்லாதபோது நடந்ததையெல்லாம் மற்ற இரண்டிடமும் கேட்டு எழுதிக்கொண்டது. நான் அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். ஒரு டிராக்டர்கூட ஒரே நேரத்துக்கு இரண்டு பேருக்குப் போகவில்லை. ஜெபா சரிபார்த்தார்; நான் சரிபார்த்தேன்; இடம் மாற்றி உட்கார்ந்து மறுபடி சரிபார்த்தோம்.

ராமலட்சுமியின் பெயரைத் தேடினேன். கடம்பூர்ப் பக்கத்து டிராக்டர் ஒன்றில் அவர் பன்னிரண்டாவது. மூன்றாம் நாள் சாயங்காலத்துக்குள் வந்துவிடும் கணக்கு. அண்ணாச்சிக்குப் போன் செய்து சொன்னேன்.

"நல்லதும்மா. ரெண்டு பேரும் ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?" என்றார்.

ஒரே காட்டுக்கு மூன்று முறை

சந்தோஷப்பட்டு இரண்டு நாள் ஆகவில்லை. டிராக்டர் இறங்கிய முதல் நாளே கடம்பூர்ப் பக்கத்து டிரைவர் என்னைக் கூப்பிட்டார். காலையில் ஒரு காட்டை உழுது விதைத்து முடித்திருக்கிறார். அடுத்த பதிவுக்குக் காட்டிய இடத்துக்குப் போனால் அதே காடு. இது வீட்டுக்காரர் போனில் போட்டது, முந்தியது மகள் போனில் போட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். சரியென்று அடுத்ததற்குப் போனால், வழி சுற்றி மறுபடி அதே வரப்பு. அது மச்சினன் போன்.

நான் வரிசையைத் திறந்து பார்த்தேன். ராமலட்சுமிக்கு முன்னால் இருந்த பதினோரு பதிவுகளில் நான்கு அந்த ஒரே காட்டுக்கு. நில எண்ணைக் கேட்டிருந்தோம். ஆளாளுக்கு ஒருவிதமாக எழுதியிருந்தார்கள், சிலர் எழுதவே இல்லை. மற்ற டிராக்டர்களின் வரிசையும் அப்படித்தான். ஒவ்வொரு வீண் நடைக்கும் அரை மணி, ஒரு மணி போய்க்கொண்டிருந்தது. இப்படியே போனால் ராமலட்சுமியின் முறை ஐந்தாம் நாள்தான் வரும். அதற்குள் மண் காய்ந்துவிடும்.

ஒரே டிராக்டரை இருவருக்குக் கொடுத்துவிடக் கூடாது என்று வருஷம் முழுக்க யோசித்திருந்தோம். ஒரே ஆள் நான்கு முறை கேட்பார் என்று யோசிக்கவில்லை. மூன்று ஊர்களிலும் அந்த நான்கையும் எழுத்துப் பிசகாமல் எழுதி, பத்திரமாகக் காத்து வைத்திருந்தோம். நான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்த ஜெபா ஆறுதலாகச் சொன்னது இது:

"அக்கா, ஒண்ணு சொல்லணும். ஒங்க டேட்டாபேஸ் எதையும் தொலைக்கவே இல்ல."

ஆள் இல்லாத குடம்

அன்று மத்தியானம் ராமலட்சுமியே கூப்பிட்டார். வரிசை ஏன் இவ்வளவு மெதுவாக நகர்கிறது என்று கேட்டார். போன வருஷம் நடந்ததற்குப் பிறகு அவரிடம் எதையும் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரே காட்டுக்குப் பல போன்களில் பதிவு செய்திருக்கிறார்கள் என்று சொன்னேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை. தண்ணீர் லாரி வருகிற நாளில் தெருவில் என்ன செய்வோமோ அதைத்தான் செய்திருக்கிறார்கள் என்றார். லாரி எப்போது வரும் என்று தெரியாது. அதனால் விடிந்ததும் ஆளுக்கு நாலு குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவது வழக்கம். நானும் இதே ஊரில்தான் குடம் வைத்து வளர்ந்தவள். ஆனால் திரையில் பார்க்கும்போது அது எனக்குக் குடமாகத் தெரியவில்லை.

அப்படியானால் லாரி வந்ததும் சண்டை வராதா என்று கேட்டேன். அதற்கொரு முறை இருப்பதாகச் சொன்னார். லாரிக்காரர் குழாயைத் திறக்கும்போது குடத்துக்குப் பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும். நின்றால் தண்ணீர். நிற்காவிட்டால் குடத்தை யாரும் தூக்கி எறிய மாட்டார்கள். வரிசையின் கடைசியில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். அதில் யாருக்கும் வருத்தம் கிடையாது.

நான் பேச்சை நிறுத்திவிட்டுத் தாளை இழுத்து எழுதத் தொடங்கியிருந்தேன். இந்த முறையை அப்படியே செயலியில் வைத்துவிட முடியும். அவருக்கு நன்றி சொல்லிவிட்டு, இப்படிப் பல குடம் வைத்தவர்கள் யார் யார் என்று கண்டுபிடிப்பதுதான் இனிப் பாடு என்றேன். போனில் ஒரு சின்ன இருமல் கேட்டது.

"யக்கா, கோவிச்சுக்கிடாதீங்க. நானும் மூணு போட்டிருக்கேன். போன வருசம் ஒண்ணே ஒண்ணு போட்டுத்தான நின்னேன்?"

மறந்தாலும் பரவாயில்லாத வேலை

டிராக்டர் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால், முறை வருகிறவரின் போனுக்கு ஒரு செய்தி போகும்: "உங்கள் முறை வருகிறது. காட்டில் நிற்கிறீர்களா?" நிற்கிறவர் ஒரு எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் போதும். காட்டில் இணைய இணைப்பு வருமோ வராதோ, மிஸ்டு கால் எப்படியும் போய்விடும். அரை மணிக்குள் பதில் இல்லாவிட்டால் அந்தப் பதிவு வரிசையின் கடைசிக்குப் போகும். அழிக்கப்படாது.

இந்த மிஸ்டு காலை எங்கே எழுதி வைப்பது என்று வந்தபோது நான் வழக்கம்போல மூன்று கணினிகளிலும் என்றேன். ஜெபா நாற்காலியை என் பக்கம் திருப்பினார். இந்தப் பதிலுக்கு ஆயுசே அரை மணிதான். டிராக்டர் போய்ச் சேர்ந்ததும் யாருக்கும் வேண்டாம். இடையில் தொலைந்துபோனால் இன்னொரு முறை கேட்டுக்கொள்ளலாம். இதற்கு எதற்கு மூன்று ஊர்ச் சாட்சி? யோசித்துப் பார்த்தேன். முழுக்கச் சரி. கடைசிக்குத் தள்ளுவதுதான் வாக்கு. அதற்கு மூன்று கணினிகள். "நிற்கிறேன்" என்பது வாய்வார்த்தை, அதற்குக் கேச். ஒரு வருஷமாக நாங்கள் எது நல்லது என்று சண்டை போட்டிருந்தோம். எதைத் தொலைத்தால் தாங்கும், எதைத் தொலைத்தால் தாங்காது என்று கேட்டிருந்தால், சண்டையே வந்திருக்காது.

சாயங்காலம் நாலரை மணிக்கு எழுதி முடித்து, ஒரே ஒரு டிராக்டருக்கு மட்டும் போட்டுப் பார்த்தோம். கடம்பூர் டிராக்டர்தான். செய்திகள் போயின. ஒரு மிஸ்டு கால் வந்தது, இன்னொன்று வந்தது, பிறகு அரை மணி அமைதி. வரிசை எங்கள் கண்ணெதிரே மடங்கியது. ராமலட்சுமி ஒன்பதிலிருந்து ஆறுக்கு வந்தார், பிறகு நாலுக்கு வந்தார். ஜெபா எழுந்து சோம்பல் முறித்தார்.

"இனிமே மறந்தாலும் பரவாயில்லைங்கிற வேலை எது வந்தாலும் எங்காளக் கூப்பிடுங்க அக்கா. வெட்கப்படாம வருவான்" என்றார்.

நின்றுபோன புள்ளி

மூன்றாம் நாள் மத்தியானம் ராமலட்சுமியின் முறை வந்தது. செய்தி போன அதே நிமிடம் அவருடைய மிஸ்டு கால் வந்துவிட்டது. அநேகமாகக் காலையிலிருந்தே போனைக் கையில் வைத்துக்கொண்டு வரப்பில் நின்றிருப்பார். டிராக்டர் வேறு காட்டிலிருந்து கிளம்பியது. திரையில் அது ஒரு சின்ன நீலப் புள்ளி. அண்ணாச்சியும் மேலே வந்து எங்கள் பின்னால் நின்றார். மூவரும் புள்ளியோடு நகர்ந்தோம்.

கடம்பூர் ஊருக்குள் புகுந்த புள்ளி நின்றது. நின்றே இருந்தது. டிராக்டர் இருக்கும் இடத்தை நாங்கள் கேச்சில்தான் வைத்திருந்தோம். பலகை பழசாகிவிட்டது, டிராக்டர் இந்நேரம் எங்கேயோ போய்விட்டது என்று நான் சொன்னேன். பலகை சரியாகத்தான் இருக்கிறது, டிராக்டர்தான் நிற்கிறது என்றார் ஜெபா. ஓர் ஆணி முறிந்திருந்தாலும், ஒரு டயர் போயிருந்தாலும், அந்த மூன்று ஏக்கர் இந்த வருஷமும் போயிற்று. பத்து நிமிடம் பார்த்துவிட்டு அண்ணாச்சி பொறுக்க முடியாமல் டிரைவருக்குப் போன் போட்டு, எல்லாரும் கேட்கும்படி வைத்தார். எங்கே நிற்கிறாய் என்று கேட்டார்.

"இங்கன போளிக் கடையிலதான் அண்ணாச்சி. சூடாப் போட்டுக்கிட்டிருக்காவ. ரெண்டு தின்னுட்டுப் போறேன், அதுக்குள்ள ஈரம் எங்கயும் ஓடிப்போயிராது."

மூன்று ஏக்கர்

புள்ளி நகர்ந்து, பெரிய ரோட்டைவிட்டுக் காட்டுப் பாதையில் இறங்கி, ராமலட்சுமியின் நிலத்துக்குள் வந்தது. பிறகு திரையில் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாகப் போய்ப்போய்த் திரும்பியது. ஒன்பது பல் வைத்த கொத்துக் கலப்பை போடும் உழவுச் சால்களை நாங்கள் மாடியிலிருந்தே எண்ணிக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு முறை புள்ளி திரும்பும்போதும் அண்ணாச்சி மெதுவாகத் தலையாட்டினார். ஐந்து மணிக்குப் பதிவின் நிலை "முடிந்தது" என்று மாறியது. சென்னை எழுதிக்கொண்டது, ஐதராபாத் எழுதிக்கொண்டது, மும்பையும் எழுதிக்கொண்டது. அண்ணாச்சி ஜெபாவின் தோளைத் தட்டிவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கீழே கடைக்குப் போனார்.

கொஞ்ச நேரத்தில் ராமலட்சுமியின் அழைப்பு வந்தது. பின்னால் ஆட்டுச் சத்தம் கேட்டது. உளுந்து முழுக்க விதைத்தாயிற்று, மண் பதமாக இருந்தது, கையில் எடுத்தால் ஒட்டவும் இல்லை உதிரவும் இல்லை என்றார். மற்ற இரண்டு பதிவையும் தானே அழித்துவிட்டதாகச் சொன்னார். எங்கள் செயலிக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்க ஜெபா பக்கத்திலிருந்து சைகை காட்டினார். நான் கேட்கவில்லை. வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று மட்டும் கேட்டேன். அவர் யோசித்தார். கேட்பது சரியா என்று தயங்குகிறவர் போலிருந்தது.

"வெதை மொளச்சபெறகு இருவது நாள்ல இன்னொரு மழ வேணும்க்கா. அதுக்கு எங்க பதியணும்?"

தெரியாது என்று உடனே சொன்னேன். வேகமான பதிலைக் கேச்சிடமும் சரியான பதிலை மூன்று ஊர்க் கணினிகளிடமும் ஒப்படைத்துவிட்ட பிறகு, தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்குத்தான் எங்களைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.